பதினொரு சிவப்பு அட்டைகள்

பதினேழு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு சாவகாசமாகத் தேநீர் குடிக்கிற மனுஷன், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்த நூற்றுப் பன்னிரண்டு தாள்களைப் பார்த்து நடுங்கினார் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த லிஃப்ட் மெக்கானிக் அன்றைக்கு அந்தத் தாள்களைத் தொடவே பயந்தது நிஜம்.

தாள்கள் அவர் மனைவி எழுதிய திரைக்கதை. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறவர் அந்த அம்மாள். ஈறு வீங்கியவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்த இடைவெளிகளில், இரண்டு வருஷமாக, நிலவுக்கு அடியில் ஒரு நகரத்தையே கட்டி முடித்திருந்தார். திங்கட்கிழமை ஒரு தயாரிப்பாளர் முன்னால் உட்கார்ந்து கதை சொல்லப் போகிறார். சனிக்கிழமை சாயங்காலம் தாள் கட்டைக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தார்.

"படிச்சுப் பாருங்க. சும்மா நல்லா இருக்குன்னு மழுப்பாதீங்க. எது சரியில்லையோ சொல்லுங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொன்னாதான் திருத்த முடியும்."

"நானா?"

"வேற யாரு இருக்கா இந்த வீட்டுல?"

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மேசையில் இதே போல் ஒன்று நடந்திருக்கிறது. அப்போதும் அந்த அம்மாள் ஒரு கதை எழுதி, அவரை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். தன்னைச் செய்தவனைத் தேடி அலைகிற ஓர் இயந்திரத்தின் கதை. இவர் என்ன சொல்வதென்று தெரியாமல் ஐந்து நிமிஷம் சுவரைப் பார்த்தார். பிறகு திருவாய் மலர்ந்து, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார். அட மனுஷா! திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த அம்மாள் நோட்டை மூடி அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். அப்புறம் இருபது வருஷம் ஒரு வரி எழுதவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

ஆகவே நம்மவருக்குக் கிலி பிடித்ததில் ஆச்சரியமில்லை. ஏடாகூடமாக ஏதாவது சொல்லிவிட்டால் பேனா மறுபடி மேல் தட்டுக்குப் போய்விடும், இந்தத் தடவை ஒரேயடியாக. பொய் சொன்னாலோ, திங்கட்கிழமை ஏசி அறையில் நாலு பேர் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். மொட்டைமாடிக்குப் போய், தன்னோடு வேலை பார்க்கிறவனுக்குப் போன் போட்டார்.

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டு உயிரோட இருங்கண்ணே" என்று அவன் வைத்துவிட்டான்.

ஞாயிறு காலை அந்த அம்மாள் கடைக்குப் போனதும் கட்டைப் பிரித்தார். படிக்கப் படிக்கப் பயம் கூடிற்று, ஏனென்றால் கதை நன்றாக இருந்தது. நிலவின் மேல்பரப்பிலிருந்து அடிநகரத்துக்குப் போகும் ஒரு நீண்ட லிஃப்ட். அதற்குள் ஒரு பெண் மாட்டிக்கொள்கிறாள். மூச்சுவிட முப்பது நிமிஷக் காற்றுதான். வெளியே ஒரு மெக்கானிக், அவனுக்கு ஒரு மேலதிகாரி. நன்றாக இருந்ததால்தான் ஓட்டைகள் அவர் கண்ணை உறுத்தின. ஓட்டை இருந்த இடத்திலெல்லாம் அடையாளத்துக்கு ஏதாவது வைக்க வேண்டுமே என்று தொழில் பையைத் திறந்து, கையில் வந்ததை எடுத்துத் தாள்களில் செருகினார். அங்கேதான் வாயில் சனி உட்காருவதற்குப் பதிலாகக் கையில் வந்து உட்கார்ந்தது.

அவை சிவப்பு அட்டைகள். லிஃப்ட் குழிக்குள் ஓர் ஆள் இறங்கும்போது மேலே மெயின் சுவிட்சில் அதைக் கட்டிவிட்டுத்தான் இறங்குவான். உள்ளே ஆள் இருக்கிறான், கட்டியவன் வந்து அவிழ்க்கும் வரை கை வைக்காதே என்று அர்த்தம். முப்பது வருஷமாக அவர் உயிரைக் காப்பாற்றி வருகிற அட்டை. அவர் கண்ணுக்கு அதில் இருந்தது பாதுகாப்பு. மற்றவர்கள் கண்ணுக்கு அதில் இருந்தது, கொட்டை எழுத்தில், 'ஆபத்து! இயக்காதே!' பதினொன்று செருகினார். ஒவ்வொன்றிலும் பழக்கப்படி கையெழுத்தும் போட்டார். அப்புறம் நிம்மதியாகக் குளிக்கப் போனார்.

துண்டோடு வெளியே வந்தபோது மேசை காலி. காய்கறிப் பை தரையில் சாய்ந்து கிடந்தது. படுக்கையறைக் கதவு சாத்தி, உள்ளே தாழ் போட்டிருந்தது.

அவருக்கு அரை உயிர் போய்விட்டது. கூப்பிட வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் சுவருக்குப் போயிற்று. மறுபடியும் அதே சுவர், அதே ஊமைத்தனம் என்று நினைத்தார். அப்படியே கதவோரம் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான், லிஃப்டில் ஆள் மாட்டினால் இப்படித்தான் கதவோரம் உட்காருவோம் என்று நினைவு வந்தது. அப்படி உட்கார்ந்தால் ஒரே ஒரு விதி. வெளியே இருக்கிறவன் வாயை மூடக் கூடாது. சத்தம் நின்றால் உள்ளே இருக்கிறவருக்கு உயிர் போய்விடும்.

"இங்க பாரு..." குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நான் இங்கதான் இருக்கேன். அந்தச் சிவப்பு அட்டை குறை சொல்ற அட்டை இல்லம்மா. உள்ள ஆள் வேலை செய்யுதுன்னு கட்டுறது. பழக்கதோஷத்துல வச்சுட்டேன்."

உள்ளேயிருந்து, மூக்கடைத்த குரலில், "ஆபத்துன்னு போட்டிருக்கு" என்று கேட்டது.

"அது அச்சடிச்சே வருது."

உள்ளே என்ன சத்தம் அது, சிரிப்பா அழுகையா? தெரியவில்லை. தெரியாமலே மேலே போனார்.

"முதல் அட்டை, எட்டாம் பக்கம். அந்தப் பொண்ணு ஹெல்மெட்டைக் கழட்டிடுறா. அடுத்த பக்கத்துல திரும்பவும் கழட்டுறா. எத்தனை ஹெல்மெட் போட்டிருக்கா?"

தாள் புரளும் ஓசை. அது அவருக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது.

"அப்புறம் முப்பதாம் பக்கம். கரண்ட் போனதும் லிஃப்ட் விழுதுன்னு எழுதியிருக்க. கரண்ட் போனா விழாதும்மா. போனாதான் பிரேக்கே பிடிக்கும்."

"அப்ப என் கதையே போச்சா?"

அந்தக் கேள்வியில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. குளித்தது வீண்.

"போகல, போகல! விழுதுன்னா, யாரோ வேணும்னே பிரேக்கைக் கழட்டியிருக்கான். யாரு? சோதனை பண்ணிட்டேன்னு கையெழுத்துப் போட்டானே, அந்த மேலதிகாரி! அவனா இந்தக் காரியத்தைப் பண்ணினவன்னு எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நீ அவனை ரெண்டு சீன்ல விட்டுட்ட."

உள்ளே பென்சில் கீறும் சத்தம் கேட்டது. அடுத்த அட்டைதான் எமன். நாற்பத்தோராம் காட்சி. மாட்டிக்கொண்ட பெண் இரண்டு பக்கத்துக்கு வசனம் பேசுகிறாள், பூமி, மானுடம், நட்சத்திரங்கள் என்று. அதை எழுதத்தான் மனைவி அதிகம் பாடுபட்டிருக்க வேண்டும். படித்தபோதே தெரிந்தது. விட்டுவிடலாமா என்று பார்த்தார். சொன்னார்.

"நாப்பத்தொண்ணு... நான் முந்நூறு பேரையாவது வெளிய எடுத்திருப்பேன். ஒருத்தரும் நட்சத்திரத்தைப் பத்திப் பேசல. ஒரு வக்கீல் மாட்டினாரு. அவரு பேசினா கோர்ட்டே அதிரும்பாங்க. உள்ள இருந்து அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்."

"என்ன?"

"வெளிய யாராவது இருக்கீங்களான்னு. எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. பதில் வர்ற வரைக்கும் அதையேதான் கேப்பாங்க."

பென்சில் சத்தம் நின்றது. எல்லாச் சத்தமும் நின்றது. தொலைத்தேன், தொலைத்தேன் என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. விதியை நினைத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருஷமாக விழுங்கி வைத்திருந்ததைத் துப்பினார்.

"அன்னைக்கு அந்த மெஷின் கதை... ரெண்டு நாள் எனக்குத் தூக்கமே வரல. அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. சொல்லத் தெரியல. பயந்துட்டேன்."

கதவுக்கு அடியில் ஒரு தாள் நகர்ந்து வந்தது. நாற்பத்தோராம் காட்சி. இரண்டு பக்க வசனமும் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் பென்சிலால் புதிதாக ஒரே வரி.

பெண்: வெளிய யாராவது இருக்கீங்களா?

அதற்குக் கீழே 'மெக்கானிக்:' என்று எழுதி, இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

அவர் துண்டோடு எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவந்தார். யோசிக்கவே தேவையில்லை, முப்பது வருஷமாகப் பூட்டிய கதவுகளைப் பார்த்துச் சொல்லிவந்த வார்த்தைகள்தான். வீட்டில்தான் ஒருநாளும் சொன்னதில்லை. எழுதினார்.

'இருக்கேன். சத்தம் நின்னுட்டா நான் போயிட்டேன்னு நினைக்காதீங்க. போகமாட்டேன்.'

தாளை உள்ளே தள்ளினார். அது உடனே உள்ளே இழுபட்டது. அவர் கதவில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, பயந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

தாழ் விலகிய சத்தம் கேட்டது. அந்த அம்மாள் சிவந்த கண்ணோடு, தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"இன்னும் எட்டு அட்டை இருக்கு" என்றார். "ஒண்ணொண்ணா அவிழுங்க."