கிண்ணியாத் தாங்கியும் உப்புவெளி வெருளியும்

சோலர் பனல் தொழிலில் வெயிலைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காத்திருக்க வேண்டும். உள்ளூரில் ஒரு சாமான் செய்து விற்க முயன்றவர்கள் இதை வாசித்துப் பெருமூச்சு விடலாம். மற்றவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

பனல்களைக் கூரையில் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கிகளை நசீரும் நானும் கிண்ணியாவில் பட்டறை போட்டு, வெல்டிங்கில் ஒட்டிச் செய்கிறோம். முதல் பெரிய வாடிக்கையாளர் உப்புவெளியில் விடுதி நடத்தும் சிவலிங்கம் அண்ணை. அவருக்குப் பிடித்தால் அந்த ஒழுங்கையில் இன்னும் ஆறு விடுதிகள் எங்களிடம் வரும். பிடிக்காவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு நசீர் மறுபடி கட்டாருக்குப் போகவேண்டும். அவனுடைய மகள் அப்போதுதான் அவனை வாப்பா என்று கூப்பிடப் பழகியிருந்தாள்.

துறைமுகத்து வாசலில்

தாங்கி தயார். பனலோ கொழும்பில் இறங்கி லொறியில் வரவேண்டும். மூன்று முறை "நாளைக்கு" என்றார்கள். அண்ணை எங்களை மாடிக்குக் கூட்டிப்போய், பக்கத்துத் துறைமுகத்துக்கு வந்து கடலில் நின்ற கப்பலைக் காட்டினார்.

"இவ்வளவு பெரிய துறைமுகத்தை வச்சுக்கொண்டு கொழும்பு லொறிக்கோ தம்பி காவல் நிக்கிறீங்கள்?"

எந்த நாடு?

ஒருவழியாகப் பனல் வந்தது. அண்ணை தாங்கியைத் தட்டிப் பார்த்தார், மணந்தும் பார்த்தார். எந்த நாட்டுச் சாமான் என்று கேட்டார். கிண்ணியா என்றதும், மாப்பிள்ளைக்கு வேலையில்லை என்று கேட்ட பெண்வீட்டார்போல முகம் சுருங்கியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நசீர்தான் நிதானமாகச் சொன்னான்.

"சாமான் கிண்ணியாதான் அண்ணன். ஒட்டின கை கட்டார்ல பழகினது."

கூரையில் ஓர் ஆள்

பனல்களைக் கூரையில் பூட்டி ஒரு கிழமையில் அண்ணையின் அழைப்பு வந்தது. கரண்ட் பாதியாகக் குறைந்துவிட்டதாம், தாங்கி சரியில்லையாம், கழற்றிக்கொண்டு போகட்டாம். தாங்கிக்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றால் கேட்டால்தானே! கழற்றும் சாவிகளையும் எடுத்துக்கொண்டு உப்புவெளிக்குப் போனோம்.

ஏணியில் ஏறினோம். பனல்களுக்கு நடுவே, காற்சட்டை, சேர்ட், தொப்பியோடு ஆளுயர வெருளிப் பொம்மை! புதுவீட்டுக்குக் கட்டுவதுபோல, நாவூறு படாமலிருக்க அண்ணை கட்டியது. அதன் நிழல் பகல் முழுக்கப் பனல்மேல் கிடந்திருக்கிறது. அவிழ்த்து இறக்கினோம், கரண்ட் ஏறியது. நசீர் கூரையிலேயே குந்தியிருந்து சிரித்தான், எனக்கு அழுகை வந்தது. அண்ணை மீற்றரையும் வெருளியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தாங்கி நல்லம்தான். மற்ற ஆறு பேருக்கும் நானே சொல்லுறன். ஆனா ஒவ்வொண்டோடயும், நிழல் விழாத பக்கமா வெருளி கட்ட ஒரு கம்பியும் சேர்த்து ஒட்டித் தாங்கோ."

பனல் வெளிநாடு, இரும்பு வெளிநாடு, ஆணிகூட வெளிநாடு என்றாலும், எங்கள் கூரைகளில் முழுக்க முழுக்க உள்ளூர்த் தயாரிப்பு என்று நான் சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடியது, வைக்கோல் அடைத்த அந்த வெருளி ஒன்றைத்தான்.