அப்பா பெயருக்கு வந்த பார்சல்

முப்பது வருடத்துக்கு முன், நியூஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் நடந்தது இது. அங்கே ஒரு இந்திய ஓட்டலில் நான் தோசை மாஸ்டர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அப்பார்ட்மெண்டில் என்னோடு கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தமிழ்ப் பையன்கள், இரண்டு தம்பிகள் இருந்தார்கள். காலையில் அவர்கள் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். எனக்குப் பத்தரைக்குத்தான் வேலை. அதுவரை தனியாக இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள் ஒரு விளம்பரத் தாள் வந்தது. தபால் தலை மாதிரி சின்னச் சின்னதாகப் பாட்டு சி.டி.க்களின் படங்கள். கிழித்து, கூட இருந்த ஃபாரத்தில் ஒட்டி அனுப்பினால் பன்னிரண்டு சி.டி. வீட்டுக்கே வரும். கிட்டத்தட்ட இனாம். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர் எந்நேரமும் ரேடியோ போட்டிருப்பார். எனக்கு ஒன்றும் புரியாது. இந்த ஊர்க்காரர்கள் எதைக் கேட்டு அழுகிறார்கள், எதைக் கேட்டு ஆடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. படத்தைப் பார்த்தே பன்னிரண்டு எடுத்தேன். ஒன்றில் குதிரை. ஒன்றில் வயதான பேண்டு வாத்தியக்காரர்கள்.

ஃபாரத்தில் பெயருக்கு இரண்டு கட்டம். நமக்கு இருப்பதே ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்தான். பாஸ்போர்ட்டில் இருந்தபடி இரண்டாவது கட்டத்தில் அப்பா பெயரை எழுதினேன். பார்சல் வந்தது. உள்ளே இருந்த கடிதம் 'மிஸ்டர்' போட்டு அப்பாவை வரவேற்றிருந்தது.

அப்பா லாரியில் மூட்டை ஏற்றியவர். அவர் பெயருக்கு ஒரு தபால் வந்து நான் பார்த்ததில்லை. அந்த வருடம் தை மாதம்தான் இறந்திருந்தார். நான் போகவில்லை. கிரீன் கார்டுக்கு முதலாளி பேப்பர் போட்டிருந்தார். நடுவில் வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று சொன்னார்கள். மனைவியும் கைக்குழந்தையும் அந்தக் கார்டை நம்பி ஊரில் இருந்தார்கள். "போறியா?" என்று முதலாளி கேட்டார். பேசாமல் நின்றேன். "சரி, மாவை எடுத்து வை" என்றார்.

பன்னிரண்டில் அந்த பேண்டு சி.டி.தான் எனக்குப் பிடித்தது. தினமும் காலையில் ஒரு தம்பியின் பாட்டுப் பெட்டியில் போடுவேன். குதிக்கிற மாதிரி மெட்டு. கல்யாண ஊர்வலம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒரு அட்டை வந்தது. வேறு ஏதோ சி.டி.யின் படம். வேண்டாம் என்று குப்பையில் போட்டேன். அந்த சி.டி. பார்சலில் வந்துவிட்டது. பிரித்தேன். அதற்கடுத்த மாதமும் அப்படியே.

"அண்ணே, வேணாம்னா அந்த அட்டையில வேணாம்னு டிக் பண்ணி அனுப்பணும்" என்றான் ஒரு தம்பி. "சும்மா இருந்தா வேணும்னு எடுத்துக்குவான்."

"சும்மா இருந்தா எப்படிப்பா வேணும்னு ஆகும்?"

"அதாண்ணே அமெரிக்கா."

நம் ஊரில் கடைக்காரன் கேட்டு நாம் பேசாமல் நகர்ந்தால் வேண்டாம் என்று அர்த்தம். முதலாளியும் நான் பேசாமல் நின்றதை அப்படித்தானே எடுத்துக்கொண்டார்?

பிறகு அந்த இரண்டு சி.டி.க்கும் காசு கேட்டு, அப்பா பெயருக்குச் சிவப்பு எழுத்தில் கடிதம் வந்தது. தம்பி படித்துவிட்டுச் சிரித்தான். "அண்ணே, உங்கப்பாவைத் தேடுறாங்க. கிரீன் கார்டு இண்டர்வியூல கேட்டா என்ன சொல்வீங்க?" கிண்டல்தான். நான் நம்பிவிட்டேன். அப்பாவுக்குக் கொள்ளி போடக்கூடப் போகாமல் காத்த கார்டு இந்தப் பாட்டால் போய்விடுமோ என்று பயம்.

அடுத்த பார்சல் வந்தது. பிரிக்கவில்லை. மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு கீழே தபால் பெட்டிகள் பக்கம் நின்றேன். தபால் போடுகிறவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "நோ வாண்ட்" என்றேன்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பிரித்தால் உன்னுடையது, பிரிக்காவிட்டால் என்னுடையது என்று கையைக் காட்டிச் சொன்னார். பேனாவைக் கொடுத்து, பெட்டி மேல் ஒரு வார்த்தையை என் கையாலேயே எழுத வைத்தார். வாங்க மறுத்தது என்று அர்த்தமாம். சிவப்புக் கடிதத்தையும் காட்டினேன். பிரித்த இரண்டுக்கும் காசை அனுப்பு, இனி வேண்டாம் என்று எழுது, இதற்கெல்லாம் யாரும் உன்னைத் துரத்த மாட்டார்கள் என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

பெட்டியில் இருந்த பெயரைக் காட்டி, நீதானா என்று கேட்டார். அப்பா என்றேன். எங்கே என்றார். இல்லை என்று மேலே கையைக் காட்டினேன்.

அப்புறம் எங்கள் ஜன்னலைக் காட்டி, தினமும் அந்தப் பாட்டு அவருக்குத்தானா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. மெதுவாகச் சொன்னார். அமெரிக்காவின் தெற்கே தன்னுடைய ஊரில் சாவுக்கு வாசிப்பதாம். போகும்போது மெதுவாக. புதைத்துவிட்டுத் திரும்பும்போது இப்படி ஆட்டமாக.

வீட்டுக்குள் வந்து அதைத் திரும்பப் போட்டேன். முடியும்வரை நின்று கேட்டேன். அன்று வேலைக்கு லேட். முதலாளி திட்டினார்.

கார்டு மறு வருடம் வந்தது. மனைவியும் மகளும் வந்தார்கள். இங்கே எங்கள் எல்லோருக்கும் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர்தான். வருகிற தபாலெல்லாம் அவர் பெயரைத் தாங்கித்தான் வருகிறது. அந்த சி.டி. இன்னும் என் காரில் இருக்கிறது. இப்போதெல்லாம் ஊரில் ஒரு சாவு என்று வந்து யாராவது "போறியா?" என்று கேட்டால், நான் பேசாமல் நிற்பதில்லை; "போறேன்" என்று சொல்லிவிடுகிறேன்.