மெமரிக்கு வைத்த பொட்டு

ஒரு பக்கம் திறப்பதற்குள் அக்கா காபியே குடித்து முடித்துவிடுகிறாளே, பழைய கம்ப்யூட்டருக்கு இன்னும் நாலு எம்.பி. மெமரி போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. வாங்கி வந்தேன். புதுப்பொருளாயிற்றே என்று அம்மா அதைச் சாமி படத்தின் முன் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுக் கொடுத்தாள். மாட்டினேன். கம்ப்யூட்டர் மூன்று முறை ‘பீப்’ என்று கத்தியது; திரை இருண்டே கிடந்தது. மறுநாள் கல்லூரியில் கொடுக்கவேண்டிய அக்காவின் ஆய்வறிக்கை முழுவதும் அதற்குள்தான் இருந்தது. பயத்தில் நான் வேறு எதையும் தொடவில்லை.

தி.நகரிலிருந்து வந்த மெக்கானிக் ஒல்லியாக இருந்தார். எதைத் தொடும் முன்பும் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுக்கொள்வார். மெமரியைக் கழற்றியதுமே சிரித்துவிட்டார்.

"இன்னா நைனா, நெத்தின்னு நெனச்சு பல்லுல பொட்டு வெச்சிகீறீங்க! ரப்பர் கீதா?"

பென்சில் ரப்பரால் அதன் தங்கநிறப் பற்களைத் தேய்த்து, ஊதி, மாட்டினார். பட்டனை அழுத்தும் முன் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீங்க மட்டும் கும்பிடறீங்களே?" என்றேன்.

"நான் வெளியதானப்பா கும்புடறேன்!"

அறிக்கை திறந்தது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அவர் கம்பியைத் தொட்டது உடம்பில் இருக்கும் கரண்டை இறக்கவா, சாமிக்கா என்று கேட்க மறந்துவிட்டேன். அடுத்த வாரம் நானே ஹார்ட் டிஸ்க் மாற்றப் போகிறேன். எதற்கும் முதலில் கம்பியைத் தொட்டுவிடுவேன்.