கட்டுப் போடும் பேய்க்கு நாலு செகண்ட் பாக்கி

அந்தப் போர் விளையாட்டுக்குள் ஒரு பேய் உலாவுகிறது என்று முதலில் கிளப்பிவிட்டது யார் என்று தெரியவில்லை. முடிவெட்டும் கடையில் முறைக்காகக் காத்திருந்தவர்கள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலேயே சத்தியம் பண்ணினார்கள். அறுபத்துநாலு பேர் இணையத்தில் கூடி, ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளும் ஆட்டம் அது. அதில் குண்டடி பட்டுக் கிடந்தால் எங்கிருந்தோ ஒரு சிப்பாய் ஓடிவருவானாம். கட்டுப் போடுவானாம். அடிபட்டவன் எழுந்து ஓடிய பிறகும் இவன் நகரமாட்டானாம். எதிரி வந்து சுடும்வரை அந்த இடத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்திருப்பானாம். இதுவரை ஒரு தோட்டாகூடச் செலவழித்ததில்லையாம்.

"செத்துப்போன மிலிட்டரிக்காரன் ஆவிடா அது" என்றார் ஒருவர்.

"ஆவியாவது ஒண்ணாவது. கம்பெனிக்காரன் உள்ள விட்ட பொம்மை" என்றார் கத்தரிக்கோல்காரர்.

விசாரித்துப் பார்த்ததில் இரண்டிலும் பாதி உண்மை இருந்தது. பேய்க்கு வயது ஐம்பத்து மூன்று. ரத்தக்கொதிப்பு உண்டு, காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. ஆட்டத்தைத் தயாரிக்கும் கம்பெனியின் மூன்றாவது மாடியில், கழிப்பறைக் கதவை ஒட்டிய மேசை அதனுடையது. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை, சாப்பாட்டு இடைவேளையில் மட்டும்தான் உலாவும்.

அலுவலகத்தில் அவருக்கு 'நிஜம் சார்' என்று பெயர். பதினேழு வருடம் ராணுவத்தில் காயங்களுக்குக் கட்டுப் போட்டவர். 'நிஜமான போர் அனுபவம்' என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ள கம்பெனிக்கு ஒரு நிஜம் தேவைப்பட்டது, அகப்பட்டவர் இவர். போர் எப்படி இருக்கும் என்று சொல்வது அவர் வேலை. சொன்னதையெல்லாம் வைத்து ஆட முடியாது என்று வெட்டுவது எதிர் மேசைப் பெண்ணின் வேலை. முப்பது வயது, கெட்டிக்காரர். எந்தப் பக்கமும் சாய்ந்துவிடாமல் ஆட்டத்தை நிறுத்துப் பார்க்கிறவர்.

போர் என்றால் பெரும்பாலும் காத்திருப்பதுதான் என்று முதல் மாதமே சார் சொல்லிப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் சார்?"

"ஒம்போது நாள் இருந்திருக்கோம்மா."

"மொத்த ஆட்டமே இருபது நிமிஷம்தான் சார்."

காத்திருப்பு போயிற்று. ஈரச் சாக்ஸ் போயிற்று. வயிற்றுப்போக்கு விவாதத்துக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. துப்பாக்கி சுடாமல் சிக்கிக்கொள்வது மட்டும் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது. காசு போட்டு வாங்கிய துப்பாக்கி எப்படிச் சிக்கலாம் என்று ஆட்டக்காரர்கள் குதித்த குதியில் அதுவும் போயிற்று. சார் எதற்கும் மல்லுக்கட்டவில்லை. பகலெல்லாம் யாரிடமோ திட்டு வாங்கிவிட்டு வந்து விளையாடுகிற பிள்ளைகள். அவர்களுக்கு எதற்கு வயிற்றுப்போக்கு என்று அவருக்கே தோன்றியது.

ஒன்றில் மட்டும் குறுக்கே விழுந்து படுத்துக்கொண்டார். தொடையில் குண்டு பட்டவனுக்குத் துணியை இறுக்கி, குச்சியைச் செருகித் திருகி, முடிச்சுப் போடப் பதினொரு செகண்ட். பயிற்சியில் விசில் ஊதி எண்ணியது. அந்த அணியிலேயே வேகமான கை அவருடையதுதான். ஆட்டத்திலும் அப்படியே வைத்தார்கள். பொத்தானைப் பதினொரு செகண்ட் விடாமல் அழுத்தியிருக்க வேண்டும். நடுவில் விட்டால் கட்டு அவிழ்ந்துவிடும்.

ஒரு வருடம் ஓடியது. பிறகு அந்தப் பெண் ஒரு வரைபடத்தோடு வந்தார். கட்டுப் போடும் வேலைக்கு ஆளே வருவதில்லை. குனிந்திருக்கும்போது முதுகில் சுட்டுவிடுகிறார்கள்.

"ஏழாக்கிடலாம் சார்."

"நிஜத்துலயும் முதுகுலதாம்மா சுடுவாங்க."

"நிஜத்துல ஒத்த ஸ்டார் போட்டுட்டுப் போக மாட்டாங்களே."

சார் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ஏழுல எழுந்திரிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்மா."

"பதினொண்ணுல என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் சார். அத்தனை பேரும் போரடிச்சு ஆட்டத்தை அழிச்சிட்டுப் போயிடுவாங்க. நாலே நாலு செகண்ட் கடனா குடுங்க. அடுத்த அப்டேட்ல திருப்பித் தந்துடறேன்."

சொன்னதோடு விடவில்லை. மஞ்சள் ஒட்டுச்சீட்டில் 'சாருக்கு நாலு செகண்ட் பாக்கி' என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, அவருடைய திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போனார். சிரிக்கிற முகம் ஒன்றும் வரைந்திருந்தார்.

சார் சொல்லாமல் விழுங்கியது இது. ராணுவத்தில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தான். வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர். ஒரு வாய்க்கால் ஓரத்தில் தொடையில் அடிபட்டுக் கிடந்தபோதும் பேச்சு நிற்கவில்லை. "டேய், மெதுவாடா. கல்யாணத்துக்குத் தச்ச பேன்ட்டுகூட இவ்வளவு இறுக்கல" என்றான். சார் எண்ணிக்கொண்டே திருகினார். ஐந்து, ஆறு, ஏழு. தலைக்கு மேல் சுட்டார்கள். கை தானாக விட்டது. உடம்பு தானாகக் கரைக்கு அந்தப் பக்கம் உருண்டது. சத்தம் அடங்கி இவர் ஊர்ந்து திரும்பியபோது அங்கே பேச்சில்லை.

ரேடியோ செத்தது சாரின் மனைவிக்குத் தெரியும். ஏழு தெரியாது.

அடுத்த அப்டேட் வந்தது. ஏழு, மூன்று ஆயிற்று. "மேலிடத்து முடிவு சார், நான் எவ்வளவோ சொன்னேன்" என்றார் அந்தப் பெண். ஆட்டக்காரர்கள் ஐந்து ஸ்டாராக அள்ளித் தெளித்தார்கள்.

பேய் புறப்பட்டது அன்றைக்குத்தான். மூன்றில் கட்டு முடியும், அடிபட்டவன் நன்றிகூடச் சொல்லாமல் ஓடுவான். சார் அவன் கிடந்த இடத்தில் மண்டியிட்டபடி மீதி எட்டை எண்ணுவார். பெரும்பாலும் ஆறிலோ ஏழிலோ சுட்டுவிடுவார்கள். பதினொன்றைத் தொட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"இன்னைக்கு எத்தனை தடவை செத்தீங்க?" என்பார் மனைவி, செருப்பைக் கழற்றும்போதே.

"பத்தொம்போது."

"நேத்துக்கு இது தேவலை. ஒரு தடவையாவது திருப்பிச் சுட்டா என்னவாம்? கையில துப்பாக்கிய வேற குடுத்திருக்கான்."

"எனக்கு அந்த வேலை இல்லடி."

"உங்களுக்கு எந்த வேலைதான் இருக்கு! கை கழுவிட்டு வாங்க."

அவருடைய அணியில் மாட்டிக்கொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? புகார் மேல் புகார். ஒரு மதியம் ஆட்டத்தைத் திறந்தபோது, ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் தானியங்கி இயந்திரம் அவருக்கு ஒரு கடிதம் வைத்திருந்தது: 'இந்தக் கணக்கின் நடத்தை மனிதருடையதாக இல்லை. நிரந்தரமாக நீக்கப்படுகிறது.' நிஜத்துக்கென்றே சம்பளம் வாங்கும் ஆளை நிஜமில்லை என்று தள்ளிவிட்டது கம்பெனியின் இயந்திரம். முறையீட்டுப் படிவத்தில் 'நீங்கள் மனிதர் என்பதற்கான ஆதாரம்' என்று ஒரு கட்டம். சார் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் மூடினார்.

பிறகு ஒட்டுச்சீட்டை உரித்து எடுத்துக்கொண்டு எதிர் மேசைக்குப் போனார். அந்தப் பெண் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். வேறு கம்பெனி, கூடுதல் சம்பளம். துப்பாக்கி இல்லாத ஆட்டம், தோட்டம் போடுவது.

"விதை போட்டா எத்தனை நாள்லம்மா முளைக்கும்?"

"நாலு செகண்ட் சார்."

சார் தலையாட்டினார். சீட்டை நீட்டினார்.

"அய்யோ, இதை இன்னுமா வச்சிருக்கீங்க? சும்மா விளையாட்டுக்கு எழுதினது சார்!"

"தெரியும்மா. இருந்தாலும் கேட்டுப் பாக்கலாம்னு."

அந்தப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. எதற்கு என்று கேட்க வாயெடுத்தார். கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். "புதுசா வர்றவர்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டுப் போறேன் சார்" என்று போகிற போக்கில் சொன்னார். புதுசாக வருகிறவர் இன்னும் வரவில்லை. வரமாட்டார், அந்த வேலையையும் இயந்திரத்திடம் கொடுத்துவிடப் போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அதை யாரும் இன்னும் விசாரிக்கவில்லை.

சீட்டில் பசை போய்விட்டது. திரையில் வைத்தால் நிற்கவில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி கிழித்து, நாலு மூலையும் அழுத்தி ஒட்டினார். தரை துடைக்கிற அக்கா துடைப்பத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"குப்பைன்னா குடுங்க சார், போட்டுடறேன்."

"இருக்கட்டும்மா. ஒருத்தனுக்குக் குடுக்க வேண்டியது."

அக்கா சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். "உங்களுக்கு வர வேண்டியதுன்னுல்ல சார் எழுதியிருக்கு?"

சார் மாத்திரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்.