இறந்த செய்திக்கும் வாழ்த்துச் சொன்னவர்களுக்கு

பவானி இறந்த செய்தி, அவர் நடத்திய வட்சப் குழுவுக்குத்தான் முதலில் வந்தது. கிளிநொச்சியில் கணினி நிரல் எழுதுபவர்களும் புதிதாகக் கம்பனி தொடங்கியவர்களும் தொழில்நுட்பச் செய்திகளை அனுப்பிக்கொள்ளும் குழு அது. அவருடைய தம்பி படத்தைப் போட்டு, கீழே நான்கு வரி எழுதியிருந்தார். நான் எழுத்துக் கூட்டி அந்த வரிகளை முடிப்பதற்குள் உங்களில் பலர் கட்டைவிரல் காட்டிவிட்டீர்கள். ஒருவர், "வாழ்த்துகள் அக்கா, இன்னும் உயர வேணும்" என்று எழுதியிருந்தார்.

உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எழுபது வயது தாண்டி, போன வருடம்தான் வாசிக்கப் பழகினேன். உர மூட்டை, பஸ் பலகை, பிஸ்கட் பெட்டி எதையும் இப்போது விடுவதில்லை. அவ்வளவு சந்தோஷம். சின்ன வயதிலேயே உங்களுக்குக் கிடைத்ததை நீங்கள் பாவிக்காமல் வைத்திருப்பதைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருக்கிறது.

பவானி ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தார். அவரும் நிரல் எழுதுபவர்தான். காலையில் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை நீங்கள் அனுப்பியவற்றை வாசிப்பார். ஒவ்வொன்றின் கீழும் அதில் என்ன இருக்கிறதென்று தமிழில் எழுதுவார். "ஐயா, நீங்கள் ஒராள் எண்டாலும் வாசிப்பியள்" என்று சொல்லி என்னையும் சேர்த்துவிட்டார். உங்களைப் பற்றி அவர் சொன்னது இது: "தபால்காரன் விலாசத்தையாவது வாசிப்பான். இவையள் அதுவும் இல்லை."

உங்களில் ஒருவரான நிமலன் தன் கம்பனியைக் கொழும்புக்காரருக்கு விற்கப் போகிறார் என்று ஓர் ஆங்கிலக் கட்டுரை வந்தது. தலைப்பைப் பார்த்து "வன்னியின் பெருமை" என்று துள்ளினீர்கள். அங்கே வேலை செய்பவர்களும் கைதட்டல் போட்டார்கள். என் மருமகளுக்கும் அங்கேதான் வேலை. அவளும் போட்டாள். பவானி மட்டும் கடைசிப் பந்தி வரை போய்விட்டு அவளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கிளிநொச்சி ஒபிசைப் பூட்டப் போகினமாம். உம்மட வேலை போகுது. அதுக்கு நீர் கைதட்டியிருக்கிறீர்."

பவானி நிமலனுக்குப் போன் எடுத்தார்.

"கட்டுரை பாத்தனீங்களோ அக்கா? எப்பிடி?"

"நீர் வாசிச்சனீரோ?"

"தலைப்புப் பாத்தன். படம் நல்லா விழுந்திருக்கு."

"கடைசிப் பந்தியில உம்மட ஒபிசுக்குப் பூட்டு விழுந்திருக்கு. அதையும் பாரும்."

ஒப்பந்தத்தையும் நிமலன் அந்தளவில்தான் பார்த்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. வெட்கத்திலோ பயத்திலோ அதை வாசித்தார், கையெழுத்து வைக்கவில்லை. மருமகள் இன்றும் அதே ஒபிசுக்குத்தான் போகிறாள். நீங்களோ மறுநாளே வேறு ஏதோ தலைப்புக்குக் கைதட்டத் தொடங்கிவிட்டீர்கள்.

செத்தவீட்டில் நிமலன் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். "அக்கா இல்லாட்டியும் குழுவுக்குப் பிரச்சினை இல்லை ஐயா. மெஷினே வாசிச்சுச் சுருக்கித் தரும், அதைப் போட்டுவிடுவம்."

"அந்தச் சுருக்கத்தை ஆர் தம்பி வாசிக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

வாசித்து முடிக்காததை இன்னொருவரிடம் நீட்டக்கூடாது என்ற ரோசத்தைத்தான் பவானியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது மருமகள் வேலைக்குப் போகுமுன் ஒரு செய்தியை எனக்குத் தமிழில் எழுதித் தருகிறாள். முந்தாநாள் தந்தது பாதியில் நிற்கிறது. வாசித்து முடித்த பிறகுதான் உங்களுக்கு வரும்.