சிலந்தி வலையில் ஒண்டுக்குடித்தனம்

எனக்கு வாய் நீளம். அந்த வாயால்தான் உயிருக்கு உயிரான ஒரு சிநேகிதனை வீட்டைவிட்டே துரத்தினேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் ஆபீஸ் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. கூட வேலை பார்த்த அவனுக்குக் கிடைக்கவில்லை. "வாடா மச்சான், ரெண்டு ரூம் சும்மாத்தானே கீது" என்று இழுத்துவந்துவிட்டேன். வெளியாள் தங்கக் கூடாது என்பது சட்டம். இன்ஸ்பெக்‌ஷன் வருகிற நாளில் அவன் துணிமணியெல்லாம் என் பீரோவுக்குள் போய்விடும், அவன் கடற்கரையில் போய் உட்கார்ந்துகொள்வான். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. என்ன ஜாலியான நாட்கள்!

வீட்டுக்குப் பின்னால் முருங்கைக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் ஒரு பெரிய சிலந்தி முறம் அகலத்துக்கு வலை கட்டியிருந்தது. வலையோரத்தில் ஜவ்வரிசி அளவில், வெள்ளியாக மின்னுகிற குட்டிகள். அதன் பிள்ளைகள் என்றே நம்பினோம். துணி காயப்போடும்போது வலை அறுந்துவிடாமல் குனிந்து போவான் அவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி டம்ளரோடு நின்று பார்த்தேன். பெரியது ஓர் ஈயைச் சுற்றிக் கட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தது. குட்டி ஒன்று மெல்ல வந்து, அதே ஈயின் மறுபக்கத்தில் வாய் வைத்தது. போனில் தேடினால், அட கஷ்டமே, பிள்ளையே இல்லையாம்! வேறு இனமாம். அடுத்தவள் வலையில் ஒட்டிக்கொண்டு, அவள் சீண்டாத பூச்சியையும் அவள் சாப்பாட்டில் பங்கையும் தின்று பிழைக்குமாம்.

"டேய், இங்க பாருடா, அப்படியே உன்னாட்டமே கீது!" என்று கத்தினேன். சத்தியமாக விளையாட்டுக்குத்தான்.

அவனும் சிரித்தான். அடுத்த வாரமே செங்கல்பட்டில் ரூம் பார்த்துக்கொண்டு போய்விட்டான். "ஸ்டேஷன் பக்கம்டா, ஊருக்குப் போவ வசதி" என்றான். எனக்கு வந்ததே கோபம், "போறதுன்னா போ" என்று விட்டுவிட்டேன். என் வாய்தான் அவனைத் துரத்தியது என்று புரியவே எனக்கு வருஷக்கணக்கானது.

போன மாதம் மன்னிப்பு கேட்டுவிடுவது என்று அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கொடுவா மீன் குழம்பு வைத்திருந்தார். "தலையை அவனுக்குப் போடும்மா, அவனுக்கு அதுன்னா உசிரு" என்றேன்.

"இவருக்கா? மீன் தலையத் தொடவே மாட்டாரேண்ணா!"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், நிமிரவில்லை. என் வீட்டில் மூன்று வருஷம், ஞாயிறு தவறாமல், "எனக்கு இதான் மச்சான் புடிக்கும்" என்று தலையைத்தான் எடுத்துக்கொண்டான். நானும் அதை நம்பி, நடுத்துண்டையெல்லாம் நானே தின்றிருக்கிறேன்.