இக்பால் பாய் கொண்டுவந்த ஐஸ்

ஆம்பூரிலிருந்து வந்த போனை எடுத்தவன் நான்தான். நம் டயாலிசிஸ் டெக்னீஷியன் இக்பால் பாய் போய்விட்டார் என்றார் அவர் மகன். "இரங்கல் கூட்டத்தில் நீ பேசு, நீதானே அவருக்கு தோஸ்த்" என்றீர்கள். தோஸ்த்! நல்ல தோஸ்த் நான்.

மிஷினைப் பார்த்து அழுத தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளி ஒருவரிடம், "பேஜாராவாத பா. உன் கிட்னி லீவுல போயிருக்கு, இது அதுக்குப் பதிலா டூட்டி பாக்குது" என்றார் பாய். அழுதவர் சிரித்தேவிட்டார்.

மிஷின் காப்பாற்றிய பலரும் பிறகு மாரடைப்பில் போனார்கள். சிறுநீரகம் கெட்டவர்களின் இரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள்தான் இரத்தக்குழாய்களைக் கெடுக்கிறதா என்று நம் டாக்டர் ஆராயத் தொடங்கினார். எடுத்த இரத்தத்தை ஐஸில் வைத்து, உடனே ஆய்வக மிஷினில் சுற்றி, இரத்த அணுக்களைத் தனியே பிரிக்க வேண்டும். சும்மா வைத்தால் ஹோமோசிஸ்டீன் அளவு தானாகவே ஏறிவிடும். ஐஸில் வைத்துக் கொண்டுவருவது பாயின் வேலை. பிரிப்பது ஆய்வகத்தில் என் வேலை.

வேலூர் வெயில் கொளுத்திய நோன்பு மாதம் அது. எச்சில்கூட விழுங்காமல் பாய் ஐஸ் பிளாஸ்கைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் இரத்தம் இருந்த குழாய்களை வெளியே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, கேண்டீனில் போண்டாவும் அரட்டையுமாக உட்கார்ந்துவிட்டேன். அளவுகள் தாறுமாறாக வந்தன. டாக்டர் கேட்டதும் வாய் கூசாமல் சொன்னேன்: "நோன்பு மயக்கம் சார். பாய் ஐஸ் போட மறந்துட்டாரு."

"ஐஸ் போட்டேன் சார்" என்று பாய் ஒரே ஒரு முறை சொன்னார். நோன்பில் அவர் முகம் வாடித்தான் இருந்தது. டாக்டர் என்னை நம்பினார். எல்லோர் முன்னாலும் பாயைத் திட்டி, ஆராய்ச்சியிலிருந்தே நீக்கினார். உடம்பில் இரத்தமே கம்மியான நோயாளிகள் கொடுத்த இரத்தத்தை நானே சாக்கடையில் கொட்டினேன்.

வராந்தாவில் பாய் என்னிடம் வந்தார். "என் மேல பழி போடணும்னா போட்டுக்கோ பா. நோன்ப ஏன் இழுத்த?" என்றார். நான் ஆய்வகத்துக்குள் போய்விட்டேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவரோடு வேலை பார்த்தும் அதற்குப் பதில் சொல்ல எனக்குத் துப்பில்லை.

அவருடைய கைராசியையும் பொறுமையையும் பற்றி நீங்கள் பேசுவீர்கள். பேசுங்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. டாக்டர் சார், அன்றைக்குப் பிளாஸ்கில் ஐஸ் இருந்தது. திறந்தபோது என் விரல்கள் விறைத்தன. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் குளிர் ஒன்றுதான்.